சாயமா? மையா?



கலர் பிரிண்ட் என்றால் பட்டனைத் தட்டியதும் வந்து விழும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் ஒரே ஒரு படத்துக்கு நாள் கணக்கில் பாடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அந்த முறைக்கு 'டை டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். முதலில் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியாக மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டின் பூசிய ஒரு மேட்ரிக்ஸ் பிலிம் தயாரித்து, அவற்றை முறையே சயான், மெஜந்தா, மஞ்சள் சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக உருட்ட வேண்டும். ஒரு நூல் விலகினாலும் படம் வீண்!

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் சிவகாசியில் ஆப்செட் மெஷினில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் லென்ஸை வைத்துப் பார்த்து, "மஞ்சள் தள்ளியிருக்குப்பா" என்று உடனே சொல்லிவிடுவார். போன வருஷம் அங்கே ரிஜிஸ்டரைத் தானே சரிசெய்யும் புது மெஷின் வந்தது. "இனிமே என் கண்ணுக்கு என்னடா வேலை?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டனின் கதையில் பதில் கிடைத்தது. கறுப்பு வெள்ளைதான் கலை என்று பலரும் நினைத்த காலத்தில், 1976-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவருடைய டை டிரான்ஸ்ஃபர் படங்கள் வைக்கப்பட்டன. 1994-ல் கோடாக் கம்பெனி அதற்கான பொருள்களை நிறுத்திவிட்டது. பிறகு வந்தது இங்க்ஜெட். படத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் நிறம் திருத்தி, பிக்மென்ட் மையை நுண்துளிகளாகத் தெளிக்கிறார்கள். நல்ல பிக்மென்ட் மை வெளிச்சத்தில் எளிதில் மங்காது. படத்தை மிகப் பெரிதாகவும் போடலாம்.

2012-ல் எகிள்ஸ்டனின் 36 புதிய பிரிண்ட்கள் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 59 லட்சம் டாலருக்குப் போயின. பழைய பிரிண்ட்கள் வைத்திருந்த ஒருவர், தன் படங்களின் மதிப்பு குறைந்துவிட்டதென்று வழக்குப் போட்டார். 2013-ல் அது தள்ளுபடியானது. வேறு முறையில், வேறு அளவில் அச்சிட்டவை தனிப் பதிப்பு என்று தீர்ப்பானது.

முறை மாறியது. ஆனால், 'இந்தச் சிவப்பு போதாது' என்று நிறுத்திச் சொல்ல அன்றும் ஒரு கண் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. மெஷின் கோட்டை நேராக்கும். எந்தச் சிவப்பு அழகு என்று அதற்கு யார் சொல்வது?

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சாஃப்ட்வேரை இங்கே கற்றுக்கொள்கிறேன். சிலபஸில் இல்லாத அந்தப் பார்வையை, வரும் லீவில் அப்பா பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாத்தியார் இருப்பார். கேட்டுப் பாருங்கள் நண்பர்களே!