கரையேறும் படையும் கரைவாழ் மக்களும்

கடலாற் சூழப்பட்ட நாடொன்றின் அரசியல் வரலாறு பெரும்பாலும் அதன் கரைகளிலேயே தொடங்குகின்றது. திருகோணமலையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1782 ஜனவரியில் அது பிரித்தானியர் வசமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியிலேயே சுஃப்ரன் என்னும் பிரெஞ்சுக் கடற்றளபதி தன் வீரரைக் கரையிறக்கி அதனைப் பறித்துக்கொண்டான். 1795இல் அது மீண்டும் பிரித்தானியர் கைக்கு வந்தது. கப்பலிலிருந்து படைஞரைக் கரையில் இறக்கும் ஆற்றல் எவரிடம் இருந்ததோ, அவரிடமே துறைமுகம் சென்றது எனலாம்.

இவ்வாற்றலைச் சிறிய நாடொன்று தன் சொந்தப் படைக்கென வளர்த்துக்கொள்ள முற்படும்போது, அது எவ்வாறு வளர்க்கப்படுகின்றது என்பதோடு, எதற்காக வளர்க்கப்படுகின்றது என்பதும் ஆராயப்பட வேண்டியதாகின்றது.

நீரிலும் நிலத்திலும் இயங்கவல்ல ஈரூடகக் காலாட்படைக்கு மூன்று தேவைகள் உள்ளன. முதலாவது, தக்க கலம். தரையிறக்கக் கப்பல் தட்டையான அடிப்பாகம் உடையது. மணலில் முகம் பதித்து, முன்கதவைத் தாழ்த்தி, ஆளையும் வண்டியையும் இறக்குவது. கரையை அணுகும்போதே பின்புறத்தில் நங்கூரம் இட்டு வரவேண்டும். திரும்பும்போது அதனைப் பற்றியே தன்னைக் கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். இலங்கைக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலின், மணலிற் சிக்கிய கப்பலைப் பெருக்கு வந்து மிதக்கவைக்கும் என எதிர்பார்த்தல் வீணாகும். இரண்டாவது, பயிற்சி. மூன்றாவது, கரையைப் பற்றிய அறிவு. வாடைக்காற்று வீசும் மாதங்களிற் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். கச்சான் காலத்தில் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். மணற்றிட்டு எங்கே உளது, களப்பின் வாய் எங்கே ஆழமாகும் என்பனவற்றை வரைபடத்தினும் நன்கு அறிந்தவர் கடற்றொழிலாளரேயாவர்.

இலங்கையில் இவ்வகைப் போர்முறையின் பயனும் எல்லையும் ஒருங்கே புலப்பட்டது 1991இலாகும். அவ்வாண்டு ஜூலையில் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளின் முற்றுகைக்குள்ளானபோது, மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவின் தலைமையில் பல்லாயிரம் படையினர் வெற்றிலைக்கேணிக் கரையில் இறக்கப்பட்டனர். அங்கிருந்து ஆனையிறவு ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவே. எனினும் அத்தூரத்தைக் கடக்க மூன்று வாரமளவு சென்றது. இரு தரப்பிலும் உயிரிழப்பு மிகுந்தது. 2000 மார்ச் 26ஆம் நாள், அதே கரையோரத்தின் குடாரப்பில், புலிகளின் அணியொன்று கடல்வழியே தரையிறங்கிற்று; ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது. கரையேறுதல் ஒரு நாட் செயல், கரையேறியபின் நிலைத்தல் நெடுநாட் செயல் என்பதை இரு தரப்பினரும் பெருவிலை கொடுத்தே கற்றனர்.

2009இற் போர் முடிவுற்றது. அதன் பின்னரே கடற்படைக்கெனத் தனியானதொரு ஈரூடகப் படைப்பிரிவு அமைந்தது என்பது கவனத்திற்குரியது. 2016 நவம்பரில் ஐக்கிய அமெரிக்க மரைன் படையினர் திருகோணமலையிற் பயிற்சி அளித்தனர்; ஏறத்தாழ 160 பேர் கொண்ட முதல் அணி 2017 பெப்ரவரியில் மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளத்திற் பயிற்சி நிறைவு செய்து வெளியேறிற்று. ஒரு தரையிறக்கக் கப்பலையும் சிறு படகுகளையும் நம்பி நிற்கும் இத்தகைய சிறு படை, வல்லரசுகளின் மரைன் படைகளைப் போலப் பிறநாட்டுக் கரைகளைத் தாக்கப் போவதில்லை. அது இறங்கவேண்டிய கரை பெரும்பாலும் தன் நாட்டுக் கரையே. ஆகவே அக்கரையில் வாழ்வோர் அதனை எவ்வாறு நோக்குகின்றனர் என்பது அதன் வலிமையின் ஒரு கூறாகின்றது.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. முதல் அணி வெளியேறிய அதே முள்ளிக்குளத்து மக்கள், 2007இல் இடம்பெயர்ந்து, தம் நிலத்திற் கடற்படை முகாம் எழக் கண்டவர்கள். 2017 மார்ச்சில் அவர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். ஏப்ரல் இறுதியில் நூறு ஏக்கர் விடுவிக்கக் கடற்படை இசைந்தது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களும், கடற்படை வசமிருந்த காணியைப் பெறப் பத்தாண்டு காத்திருந்தனர். படைக்குக் கரை வேண்டும். மீனவனுக்கும் அதே கரை வேண்டும். பயிற்சிக்கு உகந்த மணற்பரப்பு, வலை உலர்த்தவும் தோணி ஏற்றவும் உகந்த மணற்பரப்பாகவும் இருக்கின்றது. நிலத்தை இழந்தவனிடம் களப்பின் ஆழத்தை எவ்வாறு கேட்டறிவது?

இனி, இப்படையின் பயன் யாதென்பதற்குக் குறிஞ்சாக்கேணி ஒரு விடை தருகின்றது. கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே அமைந்த கிண்ணியா, நீரைக் கடந்தே வாழப் பழகிய ஊர். 2009இற் பெரிய பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குச் செல்வோர் துறையடியிற் ‘பாதை’க்குக் காத்திருந்தனர். அவ்வூர் மக்கள் மிதவைப் படகைப் ‘பாதை’ என்றே வழங்கினர்; நீரே அவர்களுக்கு வழியாயிற்று. 2004 டிசம்பர் 26இல் அந்நீரே ஆழிப்பேரலையாய் ஏறிவந்து மருத்துவமனையையும் சிதைத்தது. 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை, குறிஞ்சாக்கேணியிற் புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மாற்றாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிச் சிறார் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். கடற்படைச் சுழியோடிகள் விரைந்து வந்து தேடினர். அதன் பின்னர் கடற்படையே அவ்விடத்திற் படகுச் சேவையையும் தொடங்கிற்று.

ஆசியாவின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றையும், அதனைச் சார்ந்த பெருங் கடற்படைத் தளத்தையும் அண்டையிற் கொண்ட ஊரிலே, குழந்தைகள் பாதுகாப்பாகப் பள்ளிக்குச் செல்ல ஒரு படகு இல்லாதிருந்தது. கட்டளை பிறந்ததும் அப்படகு வந்தது. ஆற்றல் இருந்தது, அதனை முன்கூட்டி அவ்விடத்திற்கு அழைக்கும் எண்ணமே எவர்க்கும் எழவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்னர், 2021 ஆகஸ்டில், கடற்படையின் தரையிறக்கக் கப்பலான ‘சக்தி’ சென்னையிலிருந்து நோயாளருக்கான ஒட்சிசனை ஏற்றிவந்தது. போருக்கெனச் சமைத்த கலம் உயிர்காக்கவும் உதவும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சிறிய நாடொன்று ஈரூடகப் படையை வைத்திருத்தல் தவறன்று. வெள்ளமும் புயலும் படகு விபத்தும் அறிவித்து வருவன அல்ல. ஆழமற்ற நீரில் விரைந்து இயங்கத் தெரிந்தோர் நாட்டுக்குத் தேவை. ஆயின் அப்படையின் பாடத்திட்டத்திற் களப்பு மீட்பும், துறையடிகளின் பாதுகாப்பும், கடற்றொழிலாளரிடமிருந்து கற்றலும் முதலிடம் பெறவேண்டும். பயிற்சிக்கென எடுக்கும் நிலத்துக்கு உரியவரின் இசைவும் பெறப்படவேண்டும். படகு கரைதட்டும்போது கயிற்றைப் பற்றி இழுக்க ஊரவர் தாமாகவே நீரில் இறங்குவாராயின், அப்படை உண்மையிலேயே கரையேறியதாகக் கொள்ளலாம்.