கை, காலை வெட்டிய மன்னன்... தெய்வமாக வந்து நீதி கேட்ட சிற்பி! துளுநாட்டின் பூத கோலா

கர்நாடகாவின் கார்கலாவில், பாறைக் குன்றின் மேல் 42 அடி உயரத்தில் நிற்கிறார் கோமடேஸ்வரர். 1432-ல் நிறுவப்பட்ட ஒற்றைக்கல் சிலை. அதைச் செதுக்கியவன் வீர கல்குடா என்கிறது துளு மக்களின் கதைப்பாட்டு. வேலை முடிந்ததும் மன்னன் என்ன கொடுத்தான் தெரியுமா? 'இனி வேறு எவனுக்கும் இப்படியொரு சிலை செய்யக் கூடாது' என்று சிற்பியின் இடது கையையும் வலது காலையும் வெட்டிவிட்டான்.

மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மீதியை ஊகிப்பது கஷ்டமில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கையால் வேணூரில் இன்னொரு சிலையைச் செதுக்கினான் கல்குடா. பிறகு, தங்கை கல்லுர்ட்டியோடு சேர்ந்து தெய்வமாகி, கார்கலாவைப் பழிவாங்கினான். (வேணூர் சிலை நிறுவப்பட்டது 1604-ல். நடுவே 172 ஆண்டுகள் இடிக்கின்றன. கதைக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏது!)

தட்சிண கன்னடா, உடுப்பி மாவட்டங்களும் கேரளாவின் காசர்கோடு வடபகுதியும் சேர்ந்ததுதான் துளுநாடு. பூதம் என்றதும் பேய் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது ஊர்க்காவல் தெய்வம். காட்டுப்பன்றி வடிவான பஞ்சுர்லியும் உண்டு; அநியாயத்துக்கு ஆளாகித் தெய்வமான மனிதர்களும் உண்டு. கோயிலுக்குள் விடப்படாத கொரகர் சமூகத்து இளைஞர்தான் இன்றைய கொரகஜ்ஜா. பொருள் தொலைந்தால் எல்லாச் சாதியினரும் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். படையல் கள்ளும் முறுக்கும் வெற்றிலை பாக்கும்தான். மங்களூரு அருகே குத்தாரில் அவருக்கான கோலா, விளக்கே இல்லாமல் இருட்டில் நடக்கிறது.

மற்ற இடங்களில் கோலா இரவு முழுக்க வெளிச்சத்தில் நடக்கும். முகத்தில் மஞ்சள் அரிதாரம், இடுப்பில் குருத்தோலை, முதுகுக்குப் பின்னால் பெரிய அலங்கார வளையம். 'கக்கரா' என்ற கனத்த சலங்கையைக் கட்டியதும் ஆடுபவர் தெய்வமாகிறார். நிலத் தகராறு, குடும்பச் சண்டை எல்லாம் அவர் முன் வரும். ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் கைகட்டி நிற்பார்.

ஆடுபவர்கள் நலிகே, பம்பதா, பரவா போன்ற, காலங்காலமாக ஒதுக்கப்பட்ட சமூகத்தினர். விடிந்து அரிதாரத்தைக் கழுவிய பிறகு அந்த மரியாதையில் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கதை.

2022-ல் வெளியான 'காந்தாரா' படம் கோலாவை நாடெங்கும் கொண்டுபோனது. அதே ஆண்டு அக்டோபரில், 60 வயது தாண்டிய ஆட்டக்காரர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையை அறிவித்தது கர்நாடக அரசு. கூடவே இன்னொன்றும் நடந்தது. தியேட்டர்களில் ரசிகர்கள் தெய்வ வேடமிட்டு அலறி ஆடினார்கள். துளு மக்கள் கொதித்துப்போக, 2025-ல் அடுத்த பாகம் வந்தபோது 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று தயாரிப்பு நிறுவனமே கேட்டுக்கொண்டது.

நேரில் பார்க்க நினைப்பவர்கள் டிசம்பர் முதல் மே வரை போகலாம். மே 24 வாக்கில் வரும் 'பத்தனாஜே' நாளோடு சலங்கைகள் ஓய்ந்துவிடும். பிறகு மழைக்காலம். போனை எடுக்கும் முன் ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படம்பிடிக்கப் பல இடங்களில் அனுமதியில்லை.