'லேட்' என்றொரு சொல்

ஆங்கிலத்தில் 'லேட்' என்றொரு பெயரடை உண்டு. நான்கே எழுத்துகள். பாடசாலைக்குப் பிந்தி வரும் மாணவன் முதற்கொண்டு மயானத்தில் உறங்கும் பெரியவர் வரை எல்லோருக்கும் ஆங்கிலேயர் இந்த ஒரு சொல்லையே வழங்கிவிட்டனர். தமிழிலோ இதற்கு ஒரு சொல் போதாது. ரயில் பிந்துகிறது, காரியம் சுணங்குகிறது, மனிதர் காலமாகிறார். செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், என்னை இவ்வளவு யோசிக்க வைத்த சிறு சொல் வேறொன்றில்லை எனலாம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'மெதுவான', 'மந்தமான' என்பனவே பொருளாக இருந்தன. மெதுவாக வருபவன் பிந்தி வருகிறான். எல்லாவற்றுக்கும் பிந்தி வந்ததே அண்மையில் வந்ததும் ஆகிறது. ஆகவே தாமதத்தைக் குறித்த சொல் புதுமையையும் குறிக்கலாயிற்று. மிகப் புதியதைச் சொல்லும் 'லேட்டஸ்ட்', இறுதியானதைச் சொல்லும் 'லாஸ்ட்' ஆகிய இரண்டும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எமது பத்திரிகைகள் 'பிந்திய செய்தி' என்று தலைப்பிட்டதும் இதே பொருளில்தான். அது பழைய செய்தியன்று. அச்சேறும் வேளையில் வந்து சேர்ந்த புதிய செய்தி.

அப்படியானால் மரணம் இச்சொல்லுக்குள் எப்படி நுழைந்தது? 'அண்மைக்காலம் வரை இருந்தவர்' என்ற பொருளின் வழியாகத்தான். அதனாலேயே இச்சொல் உயிரோடிருப்பவர்களுக்கும் வழங்கியது. 1887 இல் வெளிவந்த முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் நாவலில், வைத்தியர் வொட்சனின் பெயரோடு இராணுவ மருத்துவத் துறையைக் குறிப்பிடும்போது இச்சொல் வருகிறது. வொட்சன் இறந்துவிடவில்லை, அத்துறையிலிருந்து விலகியவர், அவ்வளவே. பழைய ஆங்கில ஆவணங்களைப் படிப்போர் இச்சொல்லைக் கண்டதும் ஒருவரைப் பாடையில் ஏற்றிவிடலாகாது.

ஒருமுறை இரவுக் கடமையிலிருந்த சக ஊழியர் ஒருவர் பரிசளிப்பு விழாச் செய்தியொன்றைத் தமிழாக்கினார். பிரதம அதிதி பிந்தி வந்ததால் விழா தாமதமாகத் தொடங்கியது என்பதே மூலம். 'காலஞ்சென்ற பிரதம அதிதியின் வருகையால் விழா தாமதமாயிற்று' என்று எழுதிவிட்டார். ஒப்புநோக்குநர் அதை வாசித்துவிட்டு, "பரிசு குடுக்க ஆவியோ வந்தது?" என்று கேட்டார். அதிதியின் நல்லகாலம், அச்சேறவில்லை.

இதனிலும் நுட்பமான பிழையொன்று அடிக்கடி அச்சேறுகிறது. 'காலஞ்சென்ற ஜே. ஆர். ஜயவர்தன 1978 இல் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார்' என்று எழுதுவோர் உண்டு. அவர் காலமானது 1996 இல். அரசியலமைப்பைக் கொண்டுவந்தபோது உயிரோடுதான் இருந்தார். இறந்தவர் ஒருவர் வாழ்ந்த காலத்தில் செய்த செயலைச் சொல்லும்போது இந்த அடைமொழி தேவையில்லை. அவ்வாறே ஷேக்ஸ்பியருக்கும் ஆங்கிலேயர் இதைச் சூட்டுவதில்லை. இறந்தவரை அறிந்தவர்கள் இன்னமும் இருக்கும் வரைக்குமே இச்சொல் பொருந்தும்.

எமது மொழியில் இறந்தவருக்கு வழங்கும் அடைமொழிகள் பல. 'அமரர்' என்கிறோம், 'மறைந்த' என்கிறோம். முஸ்லிம் அன்பர்களுக்கு 'மர்ஹூம்' என்று எழுதுகிறோம். 'காலஞ்சென்ற' என்பது எல்லோருக்கும் பொது. ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் மரணத்தைக் காலத்தோடு முடிந்து வைத்திருப்பது வியப்புக்குரியது. எங்கள் மரண அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு மனப்பாடம்: காலஞ்சென்றவர்களான இன்னாரின் அன்பு மகளும், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார். ஒரு குடும்பத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற முழுக் கணக்கும் அந்தச் சில வரிகளில் அடங்கிவிடும்.

ஆனால் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை எந்த வரியில் எழுதுவது?

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர், வடபகுதிப் பத்திரிகை அலுவலகமொன்றின் விளம்பரக் கருமபீடத்தருகே ஓர் அலுவலாக நின்றிருந்தேன். முதியவர் ஒருவர் தம் மனைவியின் மரண அறிவித்தலைக் கொடுக்க வந்திருந்தார். பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த இளைஞர், "ஐயா, இதிலை காலஞ்சென்றவை ஆரும் இருக்கினமோ?" என்று வழமைபோலக் கேட்டார். முதியவர் இரண்டாவது பெயரில் விரலை வைத்தபடி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கு முன்னாலை ஒண்டும் போடாதேங்கோ தம்பி."

சட்டமும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகத் தகவலின்றிக் காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவுசெய்ய வழிசெய்தது. மரணச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்கள் பல. அதைக் கையேற்பது தம் பிள்ளையின் பெயருக்கு முன்னால் தாமே 'காலஞ்சென்ற' என்று எழுதுவதற்கு ஒப்பாகும் என்று அவை கருதின. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்று அறிமுகமானது. இறந்தார் என்றும் சொல்லாமல், இருக்கிறார் என்றும் சொல்லாமல் ஒரு தாள். அதுவும் போதாதென்றே 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் வந்து அமர்ந்தனர். 'காணாமற்போனோர்' என்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. தாமாகப் போகவில்லை, 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதுங்கள் என்றனர். இலக்கணம் அறிந்த எங்களுக்கு வினையின் வேறுபாட்டை அவர்கள்தான் கற்பித்தனர்.

பெயரடை என்பது பெயருக்கு அணிகலன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சில அடைகள் தீர்ப்புகள். ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'லேட்' என்று எழுதுமுன்னர் அவர் இறந்தது திண்ணமாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு முன்னாலுள்ள இடத்தை வெறுமையாக விடுவதே பத்திரிகையாளனின் கடமை. அந்த முதியவரின் மகன் பெயரும் அப்படித்தான் மறுநாள் அச்சாகியிருந்தது.