கிழிக்கிற தாள்

மினி பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறிய எனக்கு மனம் வருவதில்லை. உள்ளங்கையில் பாதிகூட வராத மெல்லிய தாள். அதற்குள் கம்பெனி பெயர், தொகை, வரிசை எண் எல்லாம் இருக்கும். எதுவும் அழகுக்காக வைத்ததில்லை. தொகை பெரிதாக இருப்பது கண்டக்டர் மங்கல் வெளிச்சத்திலும் கண்டுபிடிக்க. தாளின் நிறம் மாறுவது ஒரு தொகை இன்னொன்றோடு கலந்துவிடாமலிருக்க. வரிசை எண்ணுக்கென்று ஒரு சின்னக் கருவி உண்டு. அதை எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓர் எண் தானாக ஏறும். இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பொருளை நாம் இறங்கும்போதே ஜன்னல் வழியாக விட்டுவிடுகிறோம்.

"லெட்டர்பிரஸ் பண்றியே, ஐடியாவெல்லாம் எங்கேருந்து எடுக்கிற? பின்டரஸ்ட்டா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வாரநாட்களில் நான் மென்பொருள் எழுதுகிறவன். மாதம் ஒருமுறை தென்காசிப் பக்கம் ஊருக்குப் போகும்போது ஓர் அச்சகத்தில் உட்காருவேன். அதை நடத்தும் அண்ணாச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு டிரெடில் மெஷின், ஈய எழுத்து நிரம்பிய மர கேஸ்கள், அவர், அவ்வளவுதான். பில் புக், ரசீது, எப்போதாவது கோயில் கொடை நோட்டீஸ். என் ஐடியாக்கள் வருவது பெரும்பாலும் இந்த பில் புக் உலகத்திலிருந்துதான்.

உதாரணத்துக்குக் கோலம். அச்சில் வெற்றிடம் சும்மா வராது என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கணினியில் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் இடம் விழுகிறது. ஈய எழுத்தில் ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு துண்டு உலோகம் வைக்க வேண்டும். வரிக்கும் வரிக்கும் நடுவில் ஈயத் தகடு, ஓரங்களில் மரக்கட்டை. எல்லாம் இறுகப் பூட்டினால்தான் எழுத்து நிற்கும். எங்கம்மா வாசலில் முதலில் புள்ளிகளைத்தான் வைப்பாள். கம்பி இழுப்பது பிறகு. புள்ளி வைக்கும்போதே எங்கே காலியாக விடுவது என்பது முடிவாகிவிடும். அதைப் பார்த்த பிறகு நானும் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் காலி இடங்களைத்தான் அடுக்குகிறேன்.

இன்னொன்று கொம்பு. 'கெ' என்பதை யூனிகோட் சேமிக்கும்போது முதலில் க, அப்புறம்தான் கொம்பு. திரையில் கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது மென்பொருளின் வேலை. அண்ணாச்சியின் கையில் முதலில் கொம்பு விழும், பிறகு க. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அப்படித்தான் எழுதுகிறது. 'கொ' என்றால் மூன்று துண்டுகள். அதனால் கொம்பும் காலும் நிறைய வரும் பெயர் அகலமாகும், எழுத்தின் அளவைக் குறைக்கத் தோன்றும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்திலும் இந்தக் கணக்கு இருந்தது. ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன, காகிதமோ தட்டுப்பாடு. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு வெளியானது. தமிழ் எழுத்து சிறிதானதில் காகிதப் பற்றாக்குறைக்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் சுவாரசியமான தகவல்களாகவே எனக்குள் கிடந்தன, போன வருடம் ஆச்சி இறக்கும்வரை.

அப்பாவைப் பெற்ற ஆச்சி. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். "நம்ம அண்ணாச்சிட்ட நீயே பண்ணிரு" என்றார் அப்பா. எனக்குள் அந்த நேரத்திலும் ஒரு வடிவமைப்பாளன் விழித்துக்கொண்டான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். லெட்டர்பிரஸ் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது தடித்த பருத்தித் தாளும் அதில் ஆழக் குழிந்த எழுத்தும்தான். தடவிப் பார்த்தால் விரல் உள்ளே இறங்கும். ஆச்சிக்கு அப்படி ஒன்று செய்ய வேண்டும், பார்த்தவர்கள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அண்ணாச்சி கேட்டுவிட்டுச் சிரித்தார். "கருமாதிக் காயிதத்த எவம்டே பத்திரமா வைப்பான்?"

உண்மைதான். எங்கள் ஊரில் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தேதியையும் இடத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு கிழித்துப் போட்டுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை பீரோவுக்குள் போகும், இது தெருவுக்குப் போகும். ஆழமாக அழுத்துவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் தொழில் பழகிய காலத்தில் தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்துத் தெரிந்தால் முதலாளியிடம் ஏச்சு விழும். "எழுத்து தாளத் தொடணும், குத்தக்கூடாது. குத்தினா எழுத்துதான் தேயும். தேஞ்சா நீயா வார்த்துத் தருவ?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த அந்த எழுத்துகளைப் புதிதாக வார்த்துத் தரும் இடம் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அவரிடம் இருப்பது தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அன்றிரவு ஆச்சியின் தகரப் பெட்டியை ஒதுங்கவைத்தோம். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட காலண்டர் தாள் கட்டுகள். தினமும் காலையில் முதல் வேலையாகத் தேதி கிழிப்பாள். கிழித்த தாளை எறிய மாட்டாள், பின்பக்கம் கணக்கு எழுதுவாள். பால் இரண்டு, தயிர் ஒன்று, சீட்டுக்கு நூறு, யார் யார் வந்தார்கள், என் அத்தைக்கு எப்போது காய்ச்சல் கண்டது. டைரி என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருந்தால் அப்படித்தான் அதைச் சொல்லியிருப்பாள்.

அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நடுவில் தூரத்திலிருந்தே தெரியும் பெரிய எண். சுற்றிலும் நல்ல நேரம், ராகு காலம், திதி, நட்சத்திரம் என்று அவரவர் இடத்தில் சின்ன எழுத்துகள். பின்பக்கம் வெறுமை. ஒரு கருமாதிப் பத்திரிகை சொல்ல வேண்டியதும் ஒரு தேதி, ஒரு நேரம், ஓர் இடம்தானே. எப்படியும் கிழிக்கத்தான் போகிறார்கள். கிழிக்கிற தாளாகவே அடித்துவிடலாம்.

சித்தப்பாவுக்கு ஒப்பவில்லை. "எங்கம்மா காரியத்துக்குக் காலண்டரா? ஊரு சிரிக்கும்லா?" அவருக்குக் கறுப்புக் கட்டம், நடுவில் போட்டோ வேண்டும். அவர் கேட்டதும் நியாயம்தான். துக்கத்துக்கென்று ஊருக்குத் தெரிந்த ஒரு முகம் இருக்கிறது, அதை மாற்ற நான் யார்? அப்பா எதுவும் சொல்லாமல் ஒரு கட்டைப் பிரித்துச் சித்தப்பா கையில் கொடுத்தார். மேலாக இருந்த தாளின் பின்பக்கம் சித்தப்பா துபாய்க்கு விமானம் ஏறிய நாள் இருந்தது. அவர் பெயர், பக்கத்தில் 'போய்ச் சேந்தான்' என்று மட்டும். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டோ வேண்டாம். ஆனா கறுப்புலதான் அடிக்கணும்" என்றார். சரி என்றேன்.

காரியம் விழுந்த தேதி 22. போஸ்டருக்கு வைத்திருந்த பெரிய மர எண்களில் 2 ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. எல்லா எழுத்தையும் இடப்பக்கத்து 2ஐயும் பூட்டி முந்நூறு தாளையும் ஒரு தடவை அடித்தோம். பிறகு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு அதே 2ஐ வலப்பக்கம் தள்ளி வைத்து இன்னொரு தடவை. முந்நூறு பத்திரிகைக்கு அறுநூறு மிதி. அந்த மரத்துண்டின் கழுத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அச்சிட்டதில் இரண்டு 2களிலும் அதே இடத்தில் அதே வெட்டு இருக்கிறது. கணினியில் செய்திருந்தால் வெட்டும் வந்திருக்காது, ஒரே எண் நடந்துபோய் நின்ற கதையும் இருந்திருக்காது.

'காலை 10 மணிக்கு' என்ற வரிக்கு வந்தபோது ஆச்சியின் கையெழுத்து ஞாபகம் வந்தது. அவள் 'லை' எழுதினால் தலைக்கு மேல் துதிக்கை வளையும். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை நான்கின் துதிக்கை வடிவங்கள் விடைபெற்றன. றா, ணா, னா பழைய சுழிகளும் கூடவே போயின. பால் கணக்கு எழுதிய ஆச்சிக்கு அந்த அரசாணை போய்ச் சேரவே இல்லை. "பழைய லை இருக்கா அண்ணாச்சி?" என்றேன். கீழ் கேஸின் மூலையில் ஏழு துண்டுகள் தூசியோடு கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெரியப்பா மட்டும், "இது எங்க காலத்து லை-ல்லா?" என்று கேட்டார்.

அழுத்தத்தைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவே இல்லை. பின்பக்கம் எழுதுகிற தாள் என்று முடிவான பிறகு அது சமமாகத்தான் இருக்க வேண்டும். மெல்லிய தாள், லேசான தொடுகை. விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது.

காரியத்தன்று சமையல்காரர் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மளிகைப் பாக்கியை வாசித்தார். எங்கள் பத்திரிகைதான். அதன் பின்பக்கம் பருப்பு, எண்ணெய், வாழையிலை என்று பென்சிலில் எழுதியிருந்தது. சித்தப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கணக்கைத் தீர்த்து, தாளைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் அச்சகத்தில் எழுத்துகளைப் பிரித்துப் போட்டோம். அடித்து முடித்ததும் ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வேலை நடக்காது. ஆச்சியின் பெயரை என் கையாலேயே கலைத்தேன். கடைசி எழுத்து 'ள்'. அதை அறையில் போட்ட அரைமணி நேரத்தில் அண்ணாச்சி அந்த அறையிலிருந்து ஒரு 'ள்' எடுத்து ஒரு டயர் கடை பில் புக்குக்கு 'டயர்கள்' என்று கோத்துக்கொண்டிருந்தார். அதுதானா, வேறா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்கு அவர் கொம்பைத் தேட, எடுத்துக் கொடுத்தேன்.