பாவு நீட்டலாமா?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாவு நீட்டும் முன் என் தாத்தாவைக் கேட்பார்கள். விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே அவர் எழுந்து, ராத்திரியெல்லாம் கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்ப்பார். அது சில்லென்று ஒட்டினால் ஒரு கணக்கு, மொரமொரவென்று இருந்தால் வேறு கணக்கு. பிறகு தெருமுனை வரை நடந்துபோய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். திரும்பி வரும்போது யாராவது கேட்பார்கள்.

"நீட்டலாமா பெரியப்பா?"

"நீட்டுங்கடா." இல்லையென்றால், "இருங்க, காத்து சரியில்ல."

தெருவில் இழுத்துக் கட்டியிருப்பது மூன்று சேலைக்கான பாவு. கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, வெயில் ஏறும் முன் சுருட்டிவிட வேண்டும். நடுவில் மழை வந்தால் கஞ்சி போச்சு. காற்று அடித்தால் இழை பின்னிக்கொள்ளும், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து தீர அரை நாள் ஆகும். பட்டு முதலாளியுடையது, நஷ்டம் நெசவுக்காரன் தலையில். அதனால் தாத்தா சொன்னது தப்பாகப் போன நாளில் அவர் தன் தறியை விட்டுவிட்டு அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். அவராகப் போய் உட்காருவார்.

தாத்தா செய்ததையே அரசாங்கச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் உண்டு என்பது எனக்கு 2018இல்தான் தெரிந்தது. அவர்கள் பாவுக்குப் பதில் காட்டைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், அதில் பலர் நாள்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து. நிறையப் பேர் சென்னை ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். எங்கள் ஆபீஸில் ஒரு ட்ரெக்கிங் வாட்ஸப் குழு இருந்தது. அன்று ராத்திரி அதில் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் பதில் போட்டார்கள். ஒருத்தி மட்டும் பதினொன்றரைக்குத்தான் போட்டாள், தூங்கிவிட்டாளாம்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் நான் வேறொரு மலையில் அதே மாதிரிப் புல்லுக்குள் நடந்திருந்தேன். இடுப்பளவு புல், காலில் உரசும்போது காகிதம் கசங்குகிற மாதிரி சத்தம். அந்தச் சத்தம் பிடித்துப்போய் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். குரங்கணிக்குப் பிறகு அதைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். தாத்தாவாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு அங்கேயே நின்றிருப்பார். கோடையில் இழை அப்படி மொரமொரத்தால் தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்காருவார்.

பட்டும் காய்ந்த புல்லும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும், காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். வியாபாரத்தில் பட்டை எடை போடும்போது 11 சதவீத ஈரத்தை இயல்பு என்று கணக்கில் வைப்பார்கள். மழைநாளில் பட்டு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். செத்த புல்லுக்கும் இப்படி ஒரு சதவீதம் உண்டு. அது பத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு பீடித்துண்டு போதும்.

தீ வானிலை பார்ப்பவரின் வேலை இந்தச் சதவீதத்தை முன்கூட்டியே சொல்வது. கனடாக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள், உலகத்தில் பல நாடுகளும் அதைத்தான் எடுத்துக்கொண்டன. தினமும் நண்பகலில் நான்கே நான்கு அளவுகள் வேண்டும்: வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், 24 மணி நேரத்தில் பெய்த மழை. இதிலிருந்து மேல் சருகு, அதற்கடியில் மக்கும் அடுக்கு, இன்னும் ஆழத்து மண் என்று மூன்று ஈரக் கணக்குகள் ஓடும். மேல் சருகு ஒரு நாளுக்குள் காய்ந்துவிடும். ஆழத்தில் இருப்பது காய ஐம்பது நாள் போல ஆகும். நேற்றைய எண் இன்றைய கணக்குக்குள் வரும், அதனால் ஒரு நாளைத் தவறவிட்டால் எல்லாம் கோணலாகிவிடும். ஒரு சனி ஞாயிறில் நானே பைத்தானில் எழுதிப் பார்த்தேன். எனக்குப் பிடித்த இடம் மழை வரும் இடம். அரை மில்லிமீட்டர் வரை பெய்ததை அந்தக் கணக்கு மழையாகவே மதிக்காது. ஆழத்து அடுக்குக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "தூறல் புழுதியத்தான்டா நனைக்கும்" என்றார். இதற்கு எனக்கு ஒரு வாரயிறுதி செலவு.

ஆனால் எண்ணைக் கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. 1994 ஜூலை 6, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், ஸ்டார்ம் கிங் மலை. மதியத்துக்கு மேல் குளிர்காற்று முகப்பு ஒன்று கடந்துபோகும், காற்று பலமாகும் என்று வானிலைத் துறை சரியாகவே கணித்து எச்சரிக்கையும் கொடுத்திருந்தது. மலைமேல் தீயணைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. காற்று வந்தது. தீ சரிவில் மேல்நோக்கி ஏறியது. பத்து டிகிரி சரிவு கூடினால் தீயின் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பார்கள், ஏறி ஓடும் மனிதனுக்கோ வேகம் குறையும். 14 பேர் இறந்தார்கள். இன்றைக்கு அங்கே பெரிய தீ என்றால் அரசு வானிலையாளர் ஒருவரே தீ முகாமுக்குப் போய்த் தங்குகிறார். காலையில் எல்லோர் முன்னாலும் நின்று இன்றைக்குக் காற்று எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்கிறார். சொன்னவர் முகத்தைக் கேட்டவர்கள் பார்க்கிறார்கள்.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஆன்கால் டியூட்டி என்று முறை வரும். ராத்திரி முழுக்க அலர்ட் வந்துகொண்டே இருக்கும், பத்தில் ஒன்பது பொய். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வந்ததை மியூட்டில் போட்டுவிட்டுப் படுத்தேன். அது பத்தாவது. காலை வரை யாருக்கும் பணம் கட்ட முடியவில்லை. விசாரித்தபோது, "அலர்ட் சரியான நேரத்துக்குப் போயிருக்கிறது" என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒருவர் சொன்னார். போயிருந்தது. என் தலையணைக்கடியில் கிடந்தது.

தீ வானிலையாளர் என்ற பதவிப் பெயரை நம்மூரில் நான் கேட்டதில்லை. வேலை பல பேரிடம் பிரிந்து கிடக்கிறது. வானிலையை இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை ஆபத்தைக் கணக்கிட்டு முன்னெச்சரிக்கை தருகிறது. செயற்கைக்கோள் தீயைப் பார்த்ததும் குறுஞ்செய்தி அனுப்புவதும் அதுவே. அதைக் கையில் வாங்கி மலையேறுகிறவர்கள் வனக்காப்பாளரும், கோடைக்கு மட்டும் வேலைக்கு எடுக்கும் தீக்காவலர்களும். ஒரு பயன் நடந்தது: குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளை 2025 பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று மூடினார்கள். எங்கள் குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் அந்தப் பழைய புல் வீடியோவை எடுத்துப் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தி மட்டும் கட்டைவிரல் போட்டாள்.

அந்தக் குறுஞ்செய்திக்கு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். நான் தேனி மாவட்டத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். மாசி, பங்குனியில் வரிசையாக வரும். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம். அவ்வளவுதான்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு மதியம் வந்தது. அப்பா தறியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மேப்பில் போட்டுக் காட்டினேன். சரிவு, மேலே காடு, கீழே ஒரு கோடு மாதிரிப் பாதை.

"நீ யார்கிட்ட சொல்லுவ?"

"நான் எதுக்குப்பா சொல்லணும்? அவங்களுக்கும் இது போயிருக்கும்."

"போயிருக்கும்ங்கிற."

டம்ளரை வைத்துவிட்டு அவர் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். நாடா ஓடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தப் பக்கத்து வனச்சரக அலுவலக எண்ணைத் தேடி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. மூன்றாவது தடவை எடுத்தார்கள். எண்களை வாசித்தேன்.

"தெரியும் சார். பசங்க மேல ஏறிட்டாங்க," என்றது ஒரு குரல். "நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"காஞ்சிபுரம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் காற்று போனுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"அங்க மழ எதனா உண்டா சார்?" என்று கேட்டார்.