நோட்டில் ஆடிய ஐ.பி.எல்!

ஐ.பி.எல் இரவு ஆட்டம் என்றால் ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து. நடுவில் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில், 2025 கோடை வரை, சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு காட்சியைத் தினமும் பார்க்க முடிந்தது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஆவடி லோக்கலுக்கு நிற்பவர்கள், அம்பத்தூர் ஓ.டி-யில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், எஸ்டேட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எனப் பலரும் குனிந்த தலை நிமிராமல் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "இம்பாக்ட் பிளேயர் யாருப்பா?" என்று ஒரு குரல் மட்டும் வரும்.

ஃபேன்டஸி கிரிக்கெட். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அன்று ஆடும் இரண்டு அணிகளிலிருந்தும் கலந்து நீங்கள் 11 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் ரன், விக்கெட், கேட்ச் ஒவ்வொன்றுக்கும் உங்களுக்குப் புள்ளி. நீங்கள் கேப்டனாக வைத்தவருக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. பணம் கட்டி ஆடினால், அதிகப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பரிசு.

திருமுல்லைவாயலில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்குள்ளும் இந்த ஆட்டம் வந்து உட்கார்ந்தது. அப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபத்தேழு வருடங்களாக மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவர். மகன் டிப்ளமோ முடித்து, பூந்தமல்லிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அவளுடைய கல்லூரிச் செலவுக்காக அம்மா ஒரு சீட்டு போட்டிருந்தார். மாதம் ஐயாயிரம். அதைக் கட்டுவது மகனின் பொறுப்பு.

2025 ஏப்ரலில் சீட்டுக்கார அக்கா வாசலில் வந்து நின்று, "இந்த மாசம் இன்னும் வரலையே" என்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

அம்மா அன்று சமைக்கவே இல்லை. மகன் மறைக்காமல் சொன்னான். மார்ச் 22-ல் ஐ.பி.எல் தொடங்கியதிலிருந்து பதினோரு நாள் ஆடியிருக்கிறான். 49 ரூபாய் போட்டியில் ஒருவர் 20 அணிகள் வரை இறக்கலாம். இருபதையும் இறக்கினால் ஒரு நாளைக்கு 980 ரூபாய். பதினோரு நாளுக்கு 10,780. திரும்பி வந்தது 3,900. அதில் 2,300 ஒரே நாளில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. மற்ற பத்து நாள் கணக்கு எந்தக் குரூப்பிலும் இல்லை.

"இது சூதாட்டம் இல்லப்பா. திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றான். சொன்னது உண்மைதான். 2017-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம், டிரீம்11 தொடர்பான வழக்கில், இது திறமை சார்ந்த விளையாட்டு என்றுதான் தீர்ப்பளித்தது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விளையாட்டுல திறமை இருக்குன்னுதானேடா கோர்ட்டு சொல்லிச்சு? உன்கிட்ட இருக்குன்னு சொல்லலையே. அதை அளந்து பார்த்துடலாம்."

அவர் திட்டியிருந்தால் மகன் எழுந்து போயிருப்பான். அளக்கலாம் என்றதும் உட்கார்ந்தான்.

நிபந்தனைகள் எளிமையானவை. சீசன் முடியும் வரை பணம் கட்டக் கூடாது. நோட்டில்தான் ஆட வேண்டும். டாஸ் போட்டதும் அணியை எழுதி, முதல் பந்துக்கு முன் கோடு கிழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அடித்தல் திருத்தல் கிடையாது. ரன்னுக்கு 1, விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8 என்று நோட்டுக்கென ஒரு புள்ளிக் கணக்கு.

மகனிடம் மூன்று உத்திகள் இருந்தன. யூடியூப் பார்த்தும் நண்பர்களிடம் கேட்டும் சேர்த்தவை. முதலாவது, ஃபார்மில் இருக்கிற, எல்லோரும் எடுக்கிற ஆளையே கேப்டனாக வைப்பது. இரண்டாவது, யாரும் எடுக்காத ஆளைக் கேப்டனாக்குவது. அவர் மட்டும் அடித்துவிட்டால் கூட்டத்தைத் தாண்டி மேலே போய்விடலாம். மூன்றாவது, பேட்டிங், பௌலிங் இரண்டிலும் புள்ளி தரும் ஆல்ரவுண்டர்களை அள்ளிப் போட்டுக்கொள்வது.

நான்காவதாக ஓர் அணியை அப்பா சேர்த்தார். இரண்டு அணிகளிலும் ஆடும் 22 பேரின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, மகள் 11 சீட்டு எடுப்பாள். முதல் சீட்டு கேப்டன், இரண்டாவது வைஸ் கேப்டன். "இது எதுக்குப்பா?" என்று மகன் சிரித்தான். "வெறும் அதிர்ஷ்டம் எவ்வளவு புள்ளி எடுக்கும்னு தெரியாம, உன் திறமை எவ்வளவு எடுத்துச்சுன்னு எப்படிடா சொல்றது?"

முதல் சோதனை ஏப்ரல் 11. சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம். முழங்கை எலும்பு முறிவால் ருதுராஜ் விலக, தோனி மறுபடியும் கேப்டன். ஊரே கொண்டாட்டமாக உட்கார்ந்தது. சென்னை 20 ஓவரில் 103 ரன். சுனில் நரைன் நான்கு ஓவரில் 13 ரன் கொடுத்து 3 விக்கெட். பிறகு 18 பந்தில் 44 ரன். மகனின் ஆல்ரவுண்டர் அணிக்கு நரைன்தான் கேப்டன். ரன்னும் விக்கெட்டும் மட்டுமே 119. இரண்டு மடங்காக்கினால் 238. மற்ற மூன்று அணிகளும் கிட்டேகூட வரவில்லை.

சென்னை தோற்ற வருத்தமெல்லாம் மறந்து, "இதுதான்பா ரூட்டு!" என்று மகன் குதித்தான். "ஒரு பீஸை அளந்து பார்த்துட்டு லாட்டையே பாஸ் பண்ண முடியாதுடா" என்று அப்பா நோட்டை மூடினார்.

மூன்று நாள் கழித்து லக்னோவில் அடுத்த ஆட்டம். தோனி 11 பந்தில் 26 ரன் எடுத்து சென்னையை ஜெயிக்க வைத்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. தோற்ற அணியின் ரிஷப் பண்ட் எடுத்தது 63. ஆட்டத்தை மாற்றியது தோனியின் 26 என்றாலும், ஃபேன்டஸி கணக்கில் ரன்னுக்குப் பெரிய புள்ளி பண்ட்டுக்குத்தான். கிரிக்கெட் தெரிந்திருப்பதும் இந்தப் புள்ளிக் கணக்கு தெரிந்திருப்பதும் வேறு வேறு என்று மகனுக்கு அன்று புரிந்தது.

ஏப்ரல் 28 அன்று ஜெய்ப்பூரில் வைபவ் சூர்யவன்ஷி என்ற 14 வயதுப் பையன் 35 பந்தில் சதம் அடித்தான். நோட்டில் இருந்த எந்த அணியிலும் அவன் கேப்டன் இல்லை. 'யாரும் எடுக்காத ஆள்' என்பதுதான் இரண்டாவது உத்தி. ஆனால், யாரும் எடுக்காத ஆட்கள் ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களில் யார் என்பதை அந்த உத்தி சொல்லவில்லை.

நடுவில் மகன் இன்னொரு யோசனையும் கொண்டுவந்தான். ஒரே அணியின் முதல் நான்கு பேட்ஸ்மேன்களையும் மொத்தமாக எடுப்பது. இது அமெரிக்க பேஸ்பாலிலிருந்து வந்த வழி. ஃபேன்டஸி ஆட்டமே அங்கிருந்து வந்ததுதான். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் இதைத் தொடங்கினார்கள். அது சீசன் முழுக்க நீளும் ஆட்டம். தினசரி ஆட்டமாகச் சுருக்கிய ஃபேன்டூயல் 2009-ல் வந்தது. இங்கே ஹர்ஷ் ஜெயினும் பவித் சேத்தும் 2008-லேயே டிரீம்11-ஐத் தொடங்கியிருந்தார்கள்.

பேஸ்பாலில் வரிசையாக வரும் பேட்டர்களைச் சேர்த்து எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் அடித்துத் தளத்தில் நிற்பார். அடுத்தவர் அடிக்கும்போது அவர் ஓடி ரன் சேர்ப்பார். ஒரே அடியில் இருவருக்கும் புள்ளி. ஒருவர் நன்றாக ஆடினால் அடுத்தவருக்கும் லாபம். டி20 கிரிக்கெட்டில் இருப்பது 120 பந்து. தொடக்க ஆட்டக்காரர் எழுபது பந்தைத் தின்றுவிட்டால், நான்காவது ஆளுக்கு மிச்சம் என்ன இருக்கும்? நோட்டில் நான்கைந்து முறை எழுதிப் பார்த்துவிட்டு மகனே அந்த யோசனையைக் கைவிட்டான்.

மே மாதம் ஒரு வாரம் போட்டிகள் நின்று, மறுபடி தொடங்கி, ஜூன் 3-ம் தேதி பெங்களூரு கோப்பையை வென்றது. நோட்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் சேர்ந்திருந்தன. அப்பா கூட்டல் போட்டார்.

மகள் குலுக்கி எடுத்த அணி பெரும்பாலான நாட்களில் கடைசி இடம். சில நாள் முதலிடமும் வந்தது. ஆனால், மொத்தக் கூட்டலில் மற்ற மூன்றையும்விட நன்றாகவே பின்தங்கியிருந்தது. மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"திறமை இருக்குடா" என்றார் அப்பா. "சும்மா சொல்லல. கணக்கு சொல்லுது."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க, நீங்களே அவனுக்கு ஏத்தி விடுறீங்க?"

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மகனின் மூன்று உத்திகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசமே இல்லை. முதல் வாரம் ஆல்ரவுண்டர் அணி முன்னால், அடுத்த வாரம் எல்லோரும் எடுக்கிற கேப்டன், அதற்கடுத்த வாரம் யாரும் எடுக்காத கேப்டன். ஒரே பீஸை மூன்று முறை அளந்து மூன்று அளவு வந்தால், கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும்.

"நீ டப்பாவை ஜெயிச்சுட்ட. ஆனா பணம் கட்டி ஆடுற இடத்துல உன் எதிர்ல இருக்கிறது டப்பா இல்ல. உன்னை மாதிரியே டாஸ் பார்த்து, வீடியோ பார்த்து, யோசிச்சு எடுக்கிறவங்க. அவங்கள நீ எவ்வளவு தூரம் ஜெயிக்கணும்னு பாரு."

நோட்டில் போட்டுக் காட்டினார். நூறு பேர் தலா 49 ரூபாய் கட்டினால் 4,900. நடத்துகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு 4,000 ரூபாயைப் பரிசாகத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆளுக்கு 49 கட்டினால் 40 வரும். கட்டிய 49-ஐத் திரும்ப எடுக்கவே, சராசரி ஆளைவிட 22 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். அதன் பிறகுதான் லாபம். அந்த லாபத்திலும் 2023 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரிப் பிடித்தம். கட்டும் பணத்தின் மேல் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீத ஜி.எஸ்.டி.

"அதான்பா இருபது டீம் போடுறது. ஒண்ணு இல்லன்னா ஒண்ணு அடிக்கும்ல?"

22 பேரில் 11 பேரை எத்தனை விதமாக எடுக்கலாம்? 7,05,432. ஒவ்வொன்றிலும் கேப்டன், வைஸ் கேப்டனை 110 விதமாக வைக்கலாம். பெருக்கினால் 7,75,97,520. இத்தனை விக்கெட் கீப்பர், இத்தனை பௌலர் என்ற விதிகளால் இது கொஞ்சம் குறையும். அப்படியும் கோடிக்கணக்கில்தான் நிற்கும். அதில் 20 அணி. அந்த எண்ணை மகள் ஒருமுறை உரக்கப் படித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்த வீட்டு நோட்டு சொன்னதை அமெரிக்காவில் பத்து வருடம் முன்பே அளந்திருக்கிறார்கள். 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியில் தினசரி ஃபேன்டஸி ஆட்டங்களை ஆராய்ந்தபோது, ஆட்டக்காரர்களுக்குப் போன லாபத்தில் 91 சதவீதம், வெறும் 1.3 சதவீதம் பேரிடம் சேர்ந்திருந்தது. அப்படி ஜெயிக்கும் பெரிய ஆட்டக்காரர்கள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி, நூற்றுக்கணக்கில் அணிகளை இறக்குபவர்கள். திறமை விளையாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால், ஓரளவு திறமை இருப்பவர்தான் அங்கே அதிகம் இழக்கக்கூடியவர். துளியும் தெரியாதவர் நாலு நாளில் அலுத்து விலகிவிடுவார். அவ்வப்போது ஜெயிப்பவர்தான், உத்தியை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி பணம் கட்டுவார்.

ஏப்ரல் தவணையை அப்பா கட்டியிருந்தார். மே, ஜூன் சம்பளத்தில் மகன் அதைத் திருப்பிக் கொடுத்தான். ஜூனில் சீட்டை எடுத்து, மகளை பி.காம் சேர்த்தார்கள்.

ஆகஸ்டில் மத்திய அரசே புதிய சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை. நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் இந்திய அணி மார்பில் ஸ்பான்சர் பெயரே இல்லாத ஜெர்சியுடன் இறங்கியது.

மகனின் தொழிற்சாலையில் சிலர் இப்போது டெலிகிராமில் வரும் வெளிநாட்டு லிங்க்குகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 'நம்ம பசங்க கண்டுபிடிச்ச புது உத்தி' என்று ஒருவர் ஆரம்பித்தபோது, அவன் கேட்டது ஒன்றுதான்: "ஒரு இருபது மேட்சுக்குக் காசு கட்டாம நோட்டுல எழுதிப் பார்த்தியா?" கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் மட்டும் மறுநாள் வந்து, அந்தப் புள்ளிக் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டார்.

திருமுல்லைவாயல் வீட்டில் நோட்டு இன்னும் இருக்கிறது. செப்டம்பர் 28, ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியா - பாகிஸ்தான். தொடர் முழுக்க விளாசிய அபிஷேக் சர்மாவைக் கேப்டன் என்று எழுதிக் கோடு கிழித்தான் மகன். அபிஷேக் ஐந்து ரன்னில் அவுட். டப்பாவிலிருந்து மகளுக்கு முதல் சீட்டாக வந்தவர் குல்தீப் யாதவ். அவருக்கு அன்று நான்கு விக்கெட்.

"அண்ணா, டப்பா ஜெயிச்சுடுச்சு!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. திலக் வர்மா நின்று அடித்து இந்தியா ஜெயித்தது. அம்மா நள்ளிரவில் எல்லோருக்கும் காபி போட்டார். மகன் அன்றைய கணக்கை எழுதி முடித்து, நோட்டை டி.வி. மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனான். காலை ஆறு மணி ஷிப்ட்.