ஆட்டையாம்பட்டி வானத்திலே...

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் ஆட்டையாம்பட்டியைத் தாண்டுகிறவர்கள், முறுக்கு வாங்காமல் தாண்டுவதில்லை. கை முறுக்குக்குப் பேர் போன ஊர். விரல் நுனியில் மாவு இழை முறுக்கிக்கொண்டு வட்டம் வட்டமாக விழுகிற நேர்த்தி இருக்கிறதே, அது கை பழகினால்தான் வரும்.

கால் பழக வேண்டிய வித்தை ஒன்றும் இதே ஜில்லாவில் நடக்கிறது. சேலத்துக்கு அந்தப் பக்கம், ஓமலூருக்கு அருகே காமலாபுரம் விமான நிலையத்தில் ஆகாய விமானம் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள்.

சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று 2025 நவம்பர் 13ந் தேதி நடுவழியில் கோளாறு கண்டு, திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அம்மாசத்திரம் அருகே இறங்கிவிட்டது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஆனால் பயிற்சியில் சகஜமாக நேருகிற விபத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் கிடையாது. ஓடுபாதையை விட்டு விலகி, மண்ணில் இறங்கி நின்றுவிடும். அவ்வளவுதான்.

காமலாபுரத்து ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம். அகலம் 30 மீட்டர். புடவைகளை நீளவாக்கில் விரித்தால் ஐந்தரை! அதன் நடுக்கோட்டில், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து இறங்க வேண்டும். தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது கையல்ல, கால். இரண்டு மிதிகளை அழுத்தித்தான் இடமும் வலமும் போக வேண்டும். கார் ஓட்டிப் பழகியவர்களோ பதற்றத்தில் கைப்பிடியைத் திருப்புவார்கள். அது இறக்கையின் மடிப்பை அசைக்கும். சக்கரம் தன் வழியே போகும்! போதாக்குறைக்கு, வேகமெடுக்கையில் முன்னால் சுழலும் விசிறி விமானத்தை இடப்புறம் இழுக்கும். பக்கக் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்பானேன்?

விசிறி தரையைத் தொட்டுவிட்டால், வளைந்த விசிறியை மாற்றினால் மட்டும் போதாது; எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு விமானிகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் பெண்கள். மகளை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்: "இறக்கம் சரியில்லையென்றால் மறுபடி மேலே எழும்பிவிடுவாயா?"

பாதி விபத்துக்கு வெட்கம்தான் காரணமோ என்று தோன்றுகிறது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று, கோணலாக வந்ததை எப்படியாவது இறக்கிவிடப் பார்ப்பது! முறுக்கு இழை அறுந்தால் மாவைத் திரட்டி மறுபடி சுற்றுகிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. விமானத்துக்கும் ஒரு சுற்றுச் சுற்றி வர ஐந்தாறு நிமிஷமும் கொஞ்சம் பெட்ரோலும்தான் செலவு.